வேதம் புத்தகமான விதம்

ஒரு நூல் மனிதர் கையால் எழுதப்பட்டது என்று நன்றாகத் தெரிந்தபின், அதைத் தெய்வ வாக்கு என்று கொள்வது எங்ஙனம் என்னும் கேள்வியை நாத்திகர்தாம் எழுப்புவர் என்று நம்மில் பலர் எண்ணிக்கொண்டிருக்கிறோம். என் அனுபவத்தில் அதை ஆழ்ந்து கேட்பவர்கள் பக்தர்களே. நம்பாதவனுக்கு, வேதத்தை எழுதியவர் யார், தொகுத்தவர் யார் என்பதெல்லாம் சரித்திரத்தில் படித்து மறக்கத்தக்க ஒரு செய்தி. அந்நூலைத் தலைமாட்டில் வைத்து உறங்கி, விடிந்ததும் அதன் முகத்தில் விழிக்கிற ஒருத்திக்கோ அது உயிர்நிலையைத் தொடுகிற சங்கதி.

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து சிங்கப்பெருமாள்கோயிலுக்குப் போகும் சாலையில், ஒரகடத்தைச் சூழ்ந்து எழுந்திருக்கிற மோட்டார் தொழிற்சாலைகளிலும் அவற்றுக்கு உதிரிபாகங்கள் செய்துகொடுக்கும் ஆலைகளிலும் வேலை பார்க்கிற இளைஞர்கள், தமிழ்நாட்டின் தென்கோடியிலிருந்தும் ஒடிசா, ஜார்க்கண்ட், அஸ்ஸாம் முதலிய மாநிலங்களிலிருந்தும் வந்தவர்கள். அவர்களில் ஷிப்டு இல்லாதவர்கள் சிலரைச் சேர்த்து ஞாயிறு மாலைகளில் வேதபாடம் நடத்திவருகிறேன். ஒரே ஹாஸ்டலில் ஒரே அறையில் தங்கியிருக்கும் இரண்டு பெண்கள், ஒருத்தி நாசரேத்துப் பக்கத்துச் சி.எஸ்.ஐ. குடும்பத்தவள், மற்றவள் குமரி மாவட்டத்துக் கடற்கரையைச் சேர்ந்த கத்தோலிக்கப் பெண், ஒரு மாலை தங்கள் புத்தகங்கள் இரண்டையும் விரித்து என் முன்னே வைத்தார்கள்.

“ஐயா, எங்க பைபிள்ல மல்கியா முடிஞ்ச உடனே மத்தேயு வந்துருது. இவ பைபிள்ல நடுவுல தோபித்து, யூதித்து, மக்கபேயர்னு என்னென்னமோ இருக்கு. இத யாரு சேத்தா? இல்லன்னா எங்களதுல இருந்து யாரு எடுத்தா?” என்றாள் நாசரேத்துப் பெண்.

“எடுத்தது நீங்கதான்னு எங்க ஃபாதர் சொல்லியிருக்காரு” என்றாள் மற்றவள், சற்றே தணிந்த குரலில்.

66 நூல்கள் ஒன்றில், 73 நூல்கள் மற்றொன்றில். ஆனால் அவர்கள் கேட்டது கணக்கை அன்று. சேர்க்கவும் எடுக்கவும் மனிதர்க்கு அதிகாரம் இருந்ததென்றால், மிச்சம் இருப்பதை மட்டும் தேவ வசனம் என்று எப்படி நம்புவது என்னும் கலக்கமே அந்தக் கேள்வியின் அடியில் இருந்தது.

இக்கலக்கத்துக்கு இரண்டு சுலபமான மருந்துகள் வழக்கத்தில் உள்ளன. வேதம் ஆதியோடந்தமாக, எழுத்தெழுத்தாக, வானத்திலிருந்து சொல்லக் கேட்டு எழுதப்பட்டது, மனிதனுக்கு அதில் எழுதுகோல் பிடித்ததைத் தவிர வேறு பங்கு இல்லை என்பது ஒன்று. 325-ஆம் ஆண்டில் நிசேயாவில் கூடிய மகாசபையில், சக்கரவர்த்தி கான்ஸ்டன்டைன் முன்னிலையில், ஆயர்கள் வாக்களித்து வேண்டிய நூல்களை வைத்துக்கொண்டு வேண்டாதவற்றைத் தள்ளினார்கள் என்பது மற்றொன்று. முன்னதை வேதமே ஒப்புக்கொள்வதில்லை. பின்னதைச் சரித்திரம் ஒப்புக்கொள்வதில்லை. நிசேயா சபை வகுத்த 20 விதிகள் நமக்குக் கிடைத்திருக்கின்றன; வேத நூல்கள் இன்னவை என்று வரையறுக்கும் விதி அவற்றுள் ஒன்றேனும் இல்லை.

எரேமியாவின் ஆகமத்தில் 36-ஆம் அதிகாரத்தைப் பொறுமையாகப் படிக்கிறவர்கள், ஒரு வேதநூல் பிறக்கும் காட்சியைக் கண்ணெதிரே காணலாம். யூதாவின் அரசன் யோயாக்கீமின் நாலாம் ஆட்சியாண்டில், அதாவது கி.மு. 605-ஐ ஒட்டி, எரேமியா தன் வாயினால் சொல்லச் சொல்ல, நேரியாவின் மகன் பாருக் என்பவன் ஒரு சுருளில் எழுதுகிறான். எரேமியா தேவாலயத்துக்குள் போகக்கூடாதபடி தடைப்பட்டிருந்ததால், பாருக்கே அதை எடுத்துப்போய் மக்கள் கேட்கப் படிக்கிறான். செய்தி எட்டிய பிரபுக்கள் அவனை அழைத்துத் தங்கள் முன்னிலையில் வாசிக்கச் செய்து, நடுங்கிப்போய், இவற்றையெல்லாம் எப்படி எழுதினாய் என்று கேட்கிறார்கள். அவர் சொல்லச் சொல்ல நான் மையினால் எழுதினேன் என்கிறான் அவன். அந்த விடையில் மர்மம் ஒன்றுமில்லை. ஒரு வாய், ஒரு கை, மை, சுருள், இவ்வளவே. பிறகு சுருள் அரசனிடம் போகிறது. குளிர்காலத்து மாளிகையில் கணப்பு எரிந்துகொண்டிருக்கிறது. யெகுதி என்பவன் மூன்று நாலு பத்திகள் வாசித்ததும், அரசன் சூரிக்கத்தியால் அந்தப் பகுதியை அறுத்து நெருப்பில் போடுகிறான். இப்படியே சுருள் முழுவதும் சாம்பலாகிறது. தீர்க்கதரிசியோ வேறொரு சுருளை எடுத்துப் பாருக்கிடம் கொடுத்து முன்போலவே சொல்லுகிறான். எரிந்துபோன வார்த்தைகள் எல்லாம் அதில் எழுதப்பட்டன, அவற்றுக்கு ஒத்த வேறு அநேகம் வார்த்தைகளும் அவற்றோடு சேர்க்கப்பட்டன என்று அதிகாரம் முடிகிறது.

சேர்க்கப்பட்டன என்று வேதமே வாய்விட்டுச் சொல்லுகிறது! தேவனுடைய வார்த்தை இரண்டாம் முறை எழுதப்படுகையில் முதல் முறையைவிட விரிந்தது என்று பதிவுசெய்ய அதை எழுதியவர்கள் கூசவில்லை, நாம்தான் கூசுகிறோம். இன்றும் எரேமியாவின் ஆகமம் இரண்டு உருவங்களில் வழங்குகிறது. பழைய கிரேக்க மொழிபெயர்ப்பில் உள்ளது எபிரெய மூலத்தைக் காட்டிலும் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு குறுகியது. 1947 முதற்கொண்டு சவக்கடலோரத்துக் கும்ரான் குகைகளில் கிடைத்த தோல் துணுக்குகளில், நீண்ட உருவத்தைச் சேர்ந்தவையும் குறுகிய உருவத்தைச் சேர்ந்தவையும் எபிரெயத்திலேயே இருக்கின்றன. இரண்டையும் ஒரே சமூகம் ஒரே குகையில் வைத்துப் போற்றியிருக்கிறது.

புதிய ஏற்பாட்டுக்கு வந்தால், மனிதக் கையின் அடையாளம் இன்னும் தெளிவாகத் தெரிகிறது. கிறிஸ்தவ எழுத்துகளுள் காலத்தால் முந்தியவை சுவிசேஷங்கள் அல்ல, பவுலின் நிருபங்களே. தெசலோனிக்கேயருக்கு அவர் எழுதிய முதல் நிருபம் கி.பி. 50-ஐ ஒட்டியது என்பர். சபையார் எல்லாரும் கேட்க அதை வாசிக்க வேண்டும் என்று அவர் அதில் ஆணையிடுகிறார். கொலோசெயருக்கு எழுதியதில், இதை வாசித்தபின் லவோதிக்கேயா சபையிலும் வாசிக்கச் செய்து, அங்கிருந்து வருவதை நீங்களும் வாசியுங்கள் என்கிறார். வேதத்தைத் தொகுக்கும் வேலை அந்தக் கட்டளையிலேயே தொடங்கிவிட்டது. இரண்டு ஊர்கள் தம் கடிதங்களை மாற்றிக்கொண்டு, திருப்பிக் கொடுக்குமுன் ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொண்ட நாளில், யாரும் அறியாமலே புதிய ஏற்பாடு கருக்கொண்டது.

ரோமருக்கு எழுதிய நிருபத்தின் முடிவில், இதை எழுதின தெர்தியு என்னும் நானும் உங்களை வாழ்த்துகிறேன் என்று எழுத்தன் ஒருவன் தன் பெயரைச் சேர்த்துவிடுகிறான். கிறிஸ்தவ வேதாந்தத்தின் மிக நுட்பமான விசாரணைகள் அடங்கிய அந்த நிருபத்தை முதன்முதல் மையில் கண்டவன் அவனே. கலாத்தியருக்கு எழுதுகையில் பவுல் எழுதுகோலைத் தாமே வாங்கி, எவ்வளவு பெரிய எழுத்துகளாய் எழுதுகிறேன் பாருங்கள் என்கிறார். எனக்கு இவற்றையெல்லாம்விட அருமையாகத் தோன்றுவது கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் தொடக்கத்தில் வரும் ஓர் இடம். உங்களில் கிறிஸ்புக்கும் காயுவுக்குமன்றி வேறொருவருக்கும் நான் ஞானஸ்நானம் கொடுக்கவில்லை என்று உறுதியாகச் சொன்னவர், அடுத்த மூச்சில் நினைவு வந்து, ஸ்தேவான் வீட்டாருக்கும் கொடுத்ததுண்டு, மற்றப்படி யாருக்காவது கொடுத்தேனோ அறியேன் என்கிறார். சொல்லுகிறவர் அறையில் நடந்துகொண்டு யோசிப்பதும், எழுதுகிறவன் முன்னதை அடிக்காமல் பின்னதைத் தொடர்ந்து எழுதுவதும் இங்கே அப்படியே நின்றுவிட்டன. ஒரு மனிதரின் மறதியும் திருத்தமும் இரண்டாயிரம் ஆண்டுகளாகப் பீடத்தில் வாசிக்கப்படுகின்றன. அதனால் அந்த நிருபத்தின் மகிமை குறைந்ததாக எந்தச் சபையும் கருதியதில்லை.

இயேசு ஒரு நூலும் எழுதிவைக்கவில்லை. அவர் சொன்னதும் செய்ததும் ஒரு தலைமுறைக் காலம் கேட்டவர் வாயிலும் வழிபாட்டிலும் வாழ்ந்து, பிறகு மாற்கு என்று நாம் வழங்கும் சுவிசேஷம் 70-ஆம் ஆண்டை ஒட்டியும் மற்றவை அதன் பின்னரும் எழுதப்பட்டன என்பது அறிஞர் பெரும்பாலோர் கருத்து. தமக்கு முன்னே அநேகர் எழுத முயன்றார்கள் என்றும், ஆதிமுதல் எல்லாவற்றையும் திட்டமாய் விசாரித்தே தாம் எழுதுவதாகவும் லூக்கா முதல் வாக்கியத்திலேயே அறிவித்துவிடுகிறார். அவருக்குக் கிடைத்த தெய்வ ஏவுதல், ஆட்களைத் தேடிப்போய் விசாரிக்கும் சிரமத்திலிருந்து அவரை விடுவிக்கவில்லை. நான்கு சுவிசேஷங்களுக்கிடையே நிகழ்ச்சிகளின் வரிசையிலும் வார்த்தைகளிலும் உள்ள வேறுபாடுகளை இன்று கண்டுபிடித்ததுபோல் சிலர் பேசுகிறார்கள். 170-ஐ ஒட்டித் தாத்தியன் என்னும் சீரியர், அவ்வேறுபாடுகளையெல்லாம் இழைத்து நான்கையும் ஒரே கதையாகக் கோத்து ஒரு நூல் செய்தார். சீரிய சபைகள் பல அதையே இருநூறு ஆண்டுகளுக்குமேல் பீடத்தில் வைத்து வாசித்தன. ஐந்தாம் நூற்றாண்டில் தெயோதொரேத்து என்னும் ஆயர் தம் மறைவட்டத்தில் மட்டும் அதன் பிரதிகள் இருநூற்றுக்கும் மேல் கண்டு, அவற்றை நீக்கி, நான்கு தனித்தனிச் சுவிசேஷங்களை அங்கே வைத்தார். முரணற்ற ஒரே கதை கையில் இருந்தும் சபை அதை விட்டுவிட்டு, முரண்களோடு கூடிய நான்கு சாட்சிகளையே வைத்துக்கொண்டது. வேதத்தைத் தொகுத்தவர்களின் நேர்மைக்கு இதனினும் பெரிய அத்தாட்சி எனக்குத் தெரியவில்லை.

தொகுப்பு எப்படி நிகழ்ந்தது என்பதற்கு இனி வருவோம். 155-ஐ ஒட்டி ரோமாபுரியில் எழுதிய யுஸ்தீன், ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் அப்போஸ்தலருடைய நினைவுக் குறிப்புகளோ தீர்க்கதரிசிகளின் எழுத்துகளோ நேரம் உள்ளவரை வாசிக்கப்படும் என்கிறார். எவை வாசிக்கப்பட்டனவோ அவை வேதமாயின. வேதம் என்று முன்னரே முத்திரையிட்டு வாசிக்கவில்லை. மார்சியன் என்பவர் 144-ஐ ஒட்டிப் பழைய ஏற்பாட்டை முற்றும் தள்ளி, லூக்காவில் ஒரு பகுதியையும் பவுலின் பத்து நிருபங்களையும் மட்டுமே கொண்ட ஒரு தொகுதியை ஏற்படுத்தியபோது, தாம் இதுவரை வாசித்துவந்தவை எவை என்று எண்ணிச் சொல்ல வேண்டிய கட்டாயம் மற்றச் சபைகளுக்கு உண்டாயிற்று. அதன்பின் எபிரெயருக்கு எழுதிய நிருபத்தைப் பற்றி மேற்கிலும், வெளிப்படுத்தின விசேஷத்தைப் பற்றிக் கிழக்கிலும் ஐயங்கள் நெடுங்காலம் நீடித்தன.

அந்நாளைய சாமானியர்களின் மனத்தை அறிவதற்குச் சபைப் பட்டியல்களைவிட நீதிமன்றக் குறிப்புகள் உதவுகின்றன. 180-ஆம் ஆண்டில் கார்த்தேஜ் நகரத்து அதிகாரியின் முன்னே நிறுத்தப்பட்ட ஆப்பிரிக்கக் கிராமத்தார் சிலரிடம், உங்கள் பெட்டியில் என்ன இருக்கிறது என்று கேட்கப்பட்டது. புத்தகங்களும், நீதிமானாகிய பவுலின் நிருபங்களும் என்று அவர்களில் ஒருவன் விடை சொன்னான். 303-இல் டயொக்ளீஷியன் சக்கரவர்த்தி கிறிஸ்தவ வேதங்களை எரிக்கும்படி ஆணையிட்டபோது, வட ஆப்பிரிக்காவின் சிர்த்தா நகரத்தில் அதிகாரிகள் வாசகர்களின் வீடு வீடாகப் போனார்கள். அதன் பதிவு இன்னும் இருக்கிறது. கொதேயோ என்பவன் வீட்டில் அவன் மனைவி ஆறு சுவடிகளை எடுத்துக் கொடுக்கிறாள்; வேறு உண்டா பார் என்கிறான் அதிகாரி; தேடிவிட்டேன், இல்லை என்கிறாள்; அவன் நம்பாமல் தன் ஊழியனை உள்ளே அனுப்பித் தேடச் செய்கிறான். எந்தச் சுவடியைக் கொடுத்துவிடலாம், எதற்காக உயிரையே கொடுக்க வேண்டும் என்பதை அத்தகைய வாசற்படிகளில் நின்றவர்கள் தீர்மானித்தாக வேண்டியிருந்தது. 367-ஆம் ஆண்டின் உயிர்ப்பு விழாக் கடிதத்தில் அலெக்சாந்திரியாவின் ஆயர் அத்தனாசியு, இன்று நாம் வைத்திருக்கும் 27 நூல்களையும் கூடுதல் குறைவின்றி முதன்முதலாக வரிசைப்படுத்தினார். 397-இல் கார்த்தேஜ் சங்கம் அதையே உறுதிசெய்தது. இருந்ததை அவர்கள் எண்ணிச் சொன்னார்கள்.

அப்போதும் எண்ணிக்கை எங்கும் ஒன்றாகிவிடவில்லை. அதற்குச் சான்று நமக்கு அண்டையிலேயே இருக்கிறது. மலையாளக் கரையிலுள்ள தோமையார் கிறிஸ்தவர்கள் வழிவழியாக வாசித்துவந்த சீரிய வேதத்தில், பேதுருவின் இரண்டாம் நிருபம், யோவானின் இரண்டாம் மூன்றாம் நிருபங்கள், யூதா, வெளிப்படுத்தல் ஆகிய ஐந்தும் கிடையா. அவர்களுடைய புதிய ஏற்பாடு 22 நூல்களால் ஆனது. 1599 ஜூன் மாதத்தில் கோவாவின் பேராயர் மெனேசிஸ் உதயம்பேரூரில் ஒரு சங்கத்தைக் கூட்டி, அந்த ஐந்தையும் சேர்க்கும்படி கட்டளையிட்டார். அச்சங்கத்தில் நடந்த பலாத்காரமும், அதன்பின் எரிக்கப்பட்டும் திருத்தப்பட்டும் கேரளச் சபைகள் இழந்த சீரியச் சுவடிகளும் நினைக்கும்போதெல்லாம் நெஞ்சை வருத்துவன. ஓர் ஆதிச் சபையை வேதத்தின் பெயரால் அவமதித்த செயல் அது என்றே நான் கருதுகிறேன். ஆனால் அங்கே சேர்க்கப்பட்டவற்றுள் இன்னொன்றும் இருந்தது: விபசாரத்தில் பிடிபட்ட பெண்ணைக் கல்லெறியக் கொண்டுவந்த கதை. யோவான் சுவிசேஷத்தின் 8-ஆம் அதிகாரத்தில் வரும் அப்பகுதி சீரிய வேதத்தில் மட்டுமன்று, கிடைத்துள்ள மிகப் பழைய கிரேக்கச் சுவடிகளிலும் இல்லை. இயேசு எழுதியதாகச் சுவிசேஷங்கள் சொல்லும் ஒரே இடம் அதுவே. அதுவும் தரையில், விரலால். என்ன எழுதினார் என்று எவரும் பதிந்துவைக்கவில்லை. சுவடிச் சான்று குறைவானது என்று அறிந்தும், அந்தக் கதையை வேதத்திலிருந்து நீக்க எந்தச் சபைக்கும் இன்றுவரை மனம் துணியவில்லை.

இனி அந்தப் பெண்கள் கேட்டதற்கு நேர்விடை. எபிரெயத்தில் யூதர் போற்றிய நூல்களும், அலெக்சாந்திரியாவில் கிரேக்கம் பேசிய யூதர் வாசித்த நூல்களும் அளவில் ஒத்தவை அல்ல. கிரேக்கத் தொகுதி பெரியது. ஆதிக் கிறிஸ்தவர் கிரேக்கத்தையே கையாண்டதால் தோபித்தும் மக்கபேயரும் அவர்கள் கைக்கு இயல்பாகவே வந்தன. பெத்லகேமில் இருந்து லத்தீனில் மொழிபெயர்த்த ஜெரோம் எபிரெயத்தில் உள்ளவற்றுக்கே முதலிடம் தந்தார். அகஸ்தீனோ சபை வாசிப்பதையெல்லாம் ஏற்க வேண்டும் என்றார். இருவருடைய பூசலும் முடியாமலே ஆயிரம் ஆண்டுகளுக்குமேல் கிடந்தது. 1534-இல் லூதர் தம் ஜெர்மன் வேதத்தில் அந்நூல்களைத் தனியே பிரித்து, வேதத்துக்கு நிகரல்ல, ஆயினும் வாசிக்க நல்லவை என்ற குறிப்போடு இரு ஏற்பாடுகளுக்கும் நடுவே வைத்தார். 1546-இல் திரெந்து சங்கம் அவை முழு அதிகாரமுள்ள வேதமே என்று தீர்மானித்தது. ஆயினும் லூதர் வழியில் புராட்டஸ்டண்டுகளும் முதலில் அவற்றை அச்சிட்டே வந்தார்கள். தரங்கம்பாடி மிஷனரி பெஞ்சமின் ஷூல்ட்ஸ் தமிழில் அவற்றையும் மொழிபெயர்த்திருக்கிறார். 1826-இல் பிரிட்டிஷ் அந்நிய வேதாகமச் சங்கம், ஸ்காத்லாந்து நண்பர்களின் வற்புறுத்தலால், அந்நூல்களுக்குப் பணம் செலவிடுவதில்லை என்று முடிவுசெய்தது. அச்சங்கத்தின் உதவியால் அச்சான வேதங்கள் உலகெங்கும் பரவியபோது, நாசரேத்துப் பெண்ணின் வேதத்தில் மல்கியாவுக்கு அடுத்த பக்கத்தில் மத்தேயு வந்து நின்றது. 1995-இல் இரு சபையாரும் கூடிச் செய்த திருவிவிலியத்தில் லூதர் வைத்த அதே இடத்தில் அவை இணைத் திருமுறையாக நிற்கின்றன. இந்த நூல்களில் ஒன்றான சீராக்கின் ஞானத்துக்கு அதை மொழிபெயர்த்த பேரன் எழுதிய முன்னுரையில்தான், நியாயப்பிரமாணம், தீர்க்கதரிசிகள், மற்ற எழுத்துகள் என எபிரெய வேதத்தை மூன்றாக வகுத்துச் சொல்லும் மிகப் பழைய சாட்சியம் நமக்குக் கிடைக்கிறது. தள்ளியவர்களும் அவர் சாட்சியத்தைத் தள்ள முடியாது.

இத்தனையும் சொன்னபின் முதற்கேள்வி இன்னும் நிற்கிறது; அதை அதன் முழு வலிமையோடு எழுப்பியவர்கள் நம் நாட்டுத் தத்துவ ஞானிகளே. மனிதன் செய்த நூலில் மனிதனுக்குரிய மயக்கமும் கவனக்குறைவும் வஞ்சகமும் புகும்; வேதம் அபௌருஷேயம், எவராலும் செய்யப்படாதது, ஆதலின் தோஷமற்ற பிரமாணம் என்பது மீமாம்சகர் வாதம்; ஸ்ரீபெரும்புதூரில் 1017-இல் அவதரித்த இராமானுசரும் இதை ஏற்றவரே. ஆனால் அதே ஊரில் ஆதிகேசவப் பெருமாள் சந்நிதியில் பிரபந்த கோஷ்டி நடக்கும்போது போய் நின்று கேட்டால், விஷயம் அத்துடன் முடியவில்லை என்பது விளங்கும். அங்கே சேவிக்கப்படுவது ஊரும் பேரும் உடைய ஆழ்வார்கள் அழுதும் ஏங்கியும் பாடிய தமிழ். கும்பகோணத்துப் பெருமாளைப் பற்றிய பத்துப் பாசுரங்களை யாத்திரிகர் பாடக் கேட்ட நாதமுனிகள், ஆயிரத்துள் இப்பத்து என்று அவை முடிவதைக் கவனித்து, மற்றவை எங்கே என்று குருகூர்வரை தேடிச் சென்று நாலாயிரத்தையும் மீட்டுத் தொகுத்தார் என்பது வைஷ்ணவ சம்பிரதாயம். இராமானுசர் தம் சீடர் திருக்குருகைப்பிரான் பிள்ளானைக் கொண்டு திருவாய்மொழிக்கு ஆறாயிரப்படி வியாக்கியானம் எழுதச் செய்தார். பௌருஷேயம் என்று எல்லாரும் அறிந்த அத்தமிழ், வடமொழி வேதத்தோடு நிகராக வைத்து எண்ணப்பட்டது. எம்பெருமான் தம்முள் புகுந்து, தம் நாவைக் கொண்டு தன்னைத் தானே பாடிக்கொண்டான் என்று நம்மாழ்வார் வியக்கிறார். அப்படிப் பாடியும் குரல் ஆழ்வாருடையதாகவே இருக்கிறது, கண்ணீரும் அவருடையதாகவே இருக்கிறது. கிழக்கே குன்றத்தூரில் பிறந்த சேக்கிழாரின் நூலும், மனிதர் கதையைச் சொல்லும் மனிதர் நூலாக இருந்தும், பன்னிரண்டாம் திருமுறையாயிற்று. இவ்விரண்டு தொகுப்புகளும் உருவான மண்ணில் இருந்துகொண்டு, கை பட்டதால் வேதம் தீட்டுப்பட்டது என்று ஒரு தமிழ்க் கிறிஸ்தவன் அஞ்சுவதற்கு நியாயம் இல்லை.

அவனுக்கு அஞ்சாமல் இருக்க இன்னும் ஆழமான காரணம் உண்டு. வார்த்தை மாம்சமாயிற்று என்பதே அவன் சமயத்தின் மூலமந்திரம். தேவன் ஒரு தச்சன் வீட்டில் வளர்ந்து, பசித்து, களைத்து, படகில் தலையணை வைத்து உறங்கினார் என்று நம்புகிறவன், அவருடைய வார்த்தை மையிலும் தோலிலும் எழுத்தனின் ஞாபகத்திலும் குடிகொண்டது என்பதில் இடறுவதற்கு என்ன இருக்கிறது? மாம்சம் இல்லாத வேதத்தை அவன் கேட்பது, மாம்சம் இல்லாத கிறிஸ்துவைக் கேட்பதற்குச் சமம். எங்கள் பக்கத்து இளைஞர்கள் வேதத்தை ஒரகடத்தில் பூட்டி முடிக்கும் வண்டிக்கு ஒப்பிடுவதுண்டு: வல்லத்திலிருந்தும் இருங்காட்டுக்கோட்டையிலிருந்தும் பாகங்கள் வருகின்றன, ஒன்றாகப் பூட்டப்படுகின்றன. ஆனால் வண்டிக்கு முதலில் வரைபடம் இருக்கிறது; ஒவ்வொரு பாகமும் தன் இடம் தெரிந்தே வார்க்கப்படுகிறது. பாருக்கிடமும் தெர்தியுவிடமும் வரைபடம் இல்லை. தாம் எழுதுவது ஒரு பெரிய புத்தகத்தின் பகுதி என்பதை அறியாமலே எழுதினார்கள்; முழுமையை அறிந்தவர் ஒருவர் இருந்தார் என்பதுதான் விசுவாசம், அதைச் சரித்திரத்தால் நிரூபிக்கவும் முடியாது, மறுக்கவும் முடியாது.

அந்தக் கைகளின் வரிசை நாலாம் நூற்றாண்டோடு முடியவில்லை. 1706 ஜூலையில் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு, பிள்ளைகளோடு மணலில் அமர்ந்து எழுத்துப் பயின்று, ஓலைச்சுவடிகளைச் சேகரித்துப் படித்து, 1711-இல் புதிய ஏற்பாட்டைத் தமிழில் முடித்தார். ஹாலே நகரத்தில் வார்த்து வந்த தமிழ் எழுத்துகள் மிகப் பெரியவை, காகிதமோ குறைவு. ஆகவே தரங்கம்பாடியிலேயே சிறிய எழுத்துகள் வார்த்து, 1714-இல் சுவிசேஷங்களையும் அப்போஸ்தலர் நடபடிகளையும், 1715-இல் எஞ்சியவற்றையும் அச்சிட்டார்கள். பழைய ஏற்பாட்டில் ரூத்தின் சரித்திரம்வரை வந்து, 1719-இல், 36 வயதில் அவர் இறந்தார். விட்ட இடத்திலிருந்து ஷூல்ட்ஸ் தொடர்ந்தார். இருவர் நடையையும் சென்னை வேப்பேரியில் பல ஆண்டுகள் உட்கார்ந்து பப்ரிசியு திருத்தினார். யாழ்ப்பாணத்தில் பெர்சிவல் பாதிரியார் செய்த மொழிபெயர்ப்புக்கு ஆறுமுக நாவலர், சைவ சமயத்தை விடாமலே, பல ஆண்டுகள் துணைநின்றார். இவற்றையெல்லாம் முன்வைத்துக்கொண்டு பவர் ஐயரின் குழு வேலை செய்து 1871-இல் வெளியிட்டதே இன்று நாசரேத்துப் பெண்ணின் கையில் இருக்கும் வேதம்.

இவ்வெள்ளைக்காரர்கள் ஒவ்வொருவர் பக்கத்திலும் ஒரு தமிழர் உட்கார்ந்திருந்தார். சீகன்பால்குக்கு அழகப்பன், அவரோடு ஒரு முதிய வாத்தியார், பின்னவர்களுக்கு முன்ஷிகள் பலர். ஒரு வாக்கியம் தமிழாக நிற்கிறதா இல்லையா என்று சொல்ல அவர்களைத் தவிர வேறு யாரால் முடிந்திருக்கும்? தெர்தியு ஒரே ஒரு வரியில் தன் பெயரை எழுதிவைத்துக்கொண்டான். இவர்களில் பலருக்கு அந்த ஒரு வரியும் வாய்க்கவில்லை. தமிழ் வேதத்தின் அடுத்த பதிப்பு எப்போது அச்சாகிறதோ, அப்போது அதன் முகப்புப் பக்கங்களில், மொழிபெயர்த்த மிஷனரிகளின் பெயர்களுக்குப் பக்கத்தில் அழகப்பன் பெயரும், சைவராகிய நாவலர் பெயரும், தேடினால் கிடைக்கக்கூடிய மற்ற முன்ஷிகளின் பெயர்களும் இடம்பெற வேண்டும் என்று வேதாகமச் சங்கத்தாரை மனமார வேண்டிக்கொள்கிறேன்.